பேக்கிங் பவுடர் டப்பாவில் வந்த குழுத் தலைவர்

எங்கள் விட்மர் வட்டார மாதிரி ராக்கெட் சங்கத்தின் ராக்கெட்டுகள் ஆயிரம் அடி உயரம் போகும். காற்று ஒத்துழைத்தால் இன்னும் கொஞ்சம் போகும். ஆனால் சங்கத்தின் கூட்டங்கள் போகிற தூரத்துக்கு இதுவரை எந்த ராக்கெட்டும் போனதில்லை.

என் பெயர் இர்மா. அந்த ராக்கெட்டுகள் எல்லாம் கிளம்புவது என் கோதுமை வயலிலிருந்துதான். அறுவடை முடிந்து அடுத்த விதைப்பு வரும்வரை வெறும் அரிதாள் நிற்கிற நிலத்தை, மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை சங்கத்துக்கு விட்டுவிடுவேன். அதற்குப் பதிலாக என்னைக் கௌரவ உறுப்பினர் ஆக்கியிருக்கிறார்கள். கௌரவ உறுப்பினர் நாற்காலி எடுத்துப் போடலாம், மிளகாய் போட்ட பீன்ஸ் குழம்பும் லவங்கப்பட்டை போட்ட ரொட்டியும் செய்து கொண்டுவரலாம், முடிந்ததும் பாத்திரம் கழுவலாம். வாக்கு மட்டும் கிடையாது.

கூட்டம் நடப்பது லூத்தரன் தேவாலயத்தின் கீழ்த்தள அறையில். எல்லோரும் எழுந்து நின்று, நெஞ்சில் கை வைத்து, பாதுகாப்பு விதிகளை முழுவதும் ஒப்பிப்பார்கள். பிறகு தலைவர் பத்திலிருந்து பூஜ்யம் வரை தலைகீழாக எண்ணுவார். பூஜ்யம் வந்தால்தான் கூட்டம் தொடங்கியதாகக் கணக்கு. எண்ணுகிற நேரத்தில் யாராவது கதவைத் திறந்து உள்ளே வந்துவிட்டால் மறுபடி பத்திலிருந்து. ஒரு பனிக்காலத்தில் ஆட்கள் ஒவ்வொருவராக வந்துகொண்டே இருந்ததால், எண்ணி முடிப்பதற்குள் காப்பி ஆறி, எல்லோரும் வீட்டுக்குப் போய்விட்டோம். அந்தக் கூட்டம் நடக்கவே இல்லை என்று அடுத்த கூட்டத்தில் தீர்மானம் போட்டார்கள்.

தலைவர் பெயர் கிளிஃபர்ட் ஸ்டக்கி. பள்ளிக்கூடத்தில் துணைத் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். தலைமையாசிரியர் ஆகவில்லை. அந்தக் குறையை எங்களை வைத்துத் தீர்த்துக்கொள்கிறார் என்று நான் சொன்னால் ஊர் என்னைக் கோள்காரி என்று சொல்லும், அதனால் சொல்லவில்லை.

இப்போது மெர்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். மெர்ல் வோன்ட்ரா என் பக்கத்து வீட்டுக்காரர். தானியக் கிடங்கில் லாரி எடை போடுகிற வேலை. அதிகம் பேச மாட்டார். சங்கம் தொடங்கிய நாள் முதல் ஒரு கூட்டம் விட்டதில்லை. காலில் மாவுக்கட்டோடு வந்திருக்கிறார். மகள் பிறந்த அன்று ஆஸ்பத்திரியிலிருந்து அரை மணி நேரம் வந்து தலையைக் காட்டிவிட்டுப் போனார். அதற்காக அவர் மனைவி ஆர்லீன் அவரோடு ஒரு வாரம் பேசவில்லை. பிறகு பேசினாள். இந்த மார்ச் மாதம், பனி உருகிக்கொண்டிருந்தபோது, மெர்ல் இறந்துபோனார்.

போவதற்கு முன் அவர் ஆர்லீனிடம் ஒன்று கேட்டிருந்தார்.

"இத்தன வருஷமா அண்ணாந்து பாத்தே கழுத்து போச்சு ஆர்லீன். ஒரே ஒரு தடவ மேல இருந்து நம்ம வீட்டுக் கூரையப் பாக்கணும். என் சாம்பல்ல ஒரு கைப்பிடி போதும். மிச்சத்த எங்க அப்பா அம்மா பக்கத்துல பொதச்சிரு."

கூரைக்குப் பச்சைப் பெயிண்ட் அடித்ததே அதற்காகத்தான் என்று அவர் போனபிறகுதான் எங்களுக்குப் புரிந்தது. இந்தப் பக்கத்தில் யாரும் பச்சைக் கூரை போடுவதில்லை. மேலே இருந்து பார்த்தால் தனியாகத் தெரிய வேண்டும் என்று மனுஷன் நினைத்திருக்கிறார்.

அதற்கான ராக்கெட்டையும் அவரே செய்து வைத்திருந்தார். நெஞ்சளவு உயரம், களஞ்சியங்களுக்கு அடிக்கிற சிவப்பு நிறம். மூக்குப் பகுதிக்குள் ஒரு கைப்பிடி சாம்பல் பிடிக்கிற குழி. உச்சிக்குப் போனதும் மூக்கு கழன்று, சாம்பல் காற்றில் கலந்து, ராக்கெட் மட்டும் பாராசூட்டில் இறங்கும். எல்லாம் முடிந்திருந்தது, உள்குழாய் ஒன்றைத் தவிர. ராக்கெட்டின் அடிவயிற்றில் மோட்டாரைப் பிடித்து நிறுத்துகிற காகிதக் குழாய் அது. பார்க்க ஒன்றுமில்லை, சமையலறைக் காகிதச் சுருளின் நடுவில் இருக்குமே, அந்த மாதிரி. ஆனால் மோட்டார் தள்ளுகிற தள்ளு முழுவதையும் தாங்குவது அதுதான். அது சரியில்லை என்றால் மோட்டார் ராக்கெட்டைத் தூக்கிக்கொண்டு போகாது, ராக்கெட்டுக்குள்ளேயே போகும்.

அந்த அளவுக் குழாய் கடையில் இல்லை. செய்கிற கம்பெனி இனிமேல் எப்போது செய்யும் என்று அந்தக் கம்பெனிக்கே தெரியவில்லை. ஆர்லீனுக்குக் காத்திருக்கவும் நேரமில்லை. வீட்டை விற்றாகிவிட்டது, அக்டோபரில் ஒமாஹாவில் இருக்கிற மகளிடம் போகிறாள். பச்சைக் கூரை அதுவரைதான் அவளுடையது. செப்டம்பர் கடைசிச் சனிக்கிழமைதான் இந்த வருஷத்தின் கடைசி ஏவுதல். அதற்குள் மெர்லை மேலே அனுப்பியாக வேண்டும்.

"நாமளே சுருட்டிடலாம்டி" என்றேன். "காகிதமும் பசையும்தானே."

என் வீட்டில் சோள விதை வந்த பழுப்புக் காகித மூட்டைகள் கிடந்தன. மோட்டாரின் பருமனுக்கு எது சரியாக இருக்கும் என்று களஞ்சியம் முழுவதும் தேடி, கடைசியில் வைக்கோல் அள்ளுகிற முள்கரண்டியின் கைப்பிடியில் இரண்டு சுற்று டேப் ஒட்டினால் அச்சாகப் பொருந்தியது. காகிதத்தைப் பட்டையாக வெட்டி, பசை தடவி, கைப்பிடியைச் சுற்றிச் சுருட்டினோம். முதல் குழாய் இரும்பாக இறுகியது. கைப்பிடியை விட்டு வரத்தான் மாட்டேன் என்றது. நடுவில் மெழுகுத்தாள் சுற்ற மறந்துவிட்டோம். கரண்டியை வெட்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது. ஆர்லீன் மார்ச்சுக்குப் பிறகு அன்றைக்குத்தான் சிரித்தாள்.

"மெர்ல் இருந்தா ஒண்ணும் சொல்லிருக்க மாட்டாரு. அந்தக் கைப்பிடியையே பாத்துட்டு நின்னுருப்பாரு" என்றாள்.

அடுத்தது நன்றாக வந்தது. தட்டினால் கணீரென்று சத்தம். அதை எடுத்துக்கொண்டு ஜூலை மாதக் கூட்டத்துக்குப் போனோம்.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க மாட்டான் என்று சொல்வார்கள். எங்கள் பூசாரி குழாயைக் கையில் வாங்கவே இல்லை.

"ஆர்லீன், உங்க துக்கத்துல சங்கம் முழுமையா பங்கெடுத்துக்குது" என்றார் கிளிஃபர்ட். "அத மினிட்ஸ்ல ஏத்தியாச்சு. ஆனா இது கையால சுருட்டுன குழாய். கையால சுருட்டுனத குழாய்க் குழுவோட தலைவர் பாத்து ஒப்புக்கணும். அது விதி."

அந்த விதி ஏன் வந்தது என்றும் சொல்லிவிடுகிறேன். ஒரு காலத்தில் ஒருவன் பீட்சா அட்டையைச் சுருட்டிக் குழாய் செய்து, மோட்டார் உள்ளே புகுந்து, ராக்கெட் எரிந்து, என் வயலில் கால் ஏக்கர் கருகியது. அதற்குப் பிறகு குழு அமைத்தார்கள். குழு என்றால் ஒரே ஆள்தான். யார் குழாய் கொண்டுவந்தாலும் அவர் வாங்கி அமுக்கிப் பார்ப்பார், காதருகே வைத்துத் தட்டிப் பார்ப்பார், "போகும்" என்பார். அவ்வளவுதான் பரிசோதனை.

"சரி, குழுத் தலைவர் யாரு? அவர்கிட்டயே காட்டறேன்" என்றாள் ஆர்லீன்.

 காப்பி இயந்திரம் மட்டும் கொதித்துக்கொண்டிருந்தது.

"மெர்ல்" என்றார் கிளிஃபர்ட்.

எனக்கு வாய் சும்மா இருக்காது. "அப்ப வேற ஆளப் போடுங்க கிளிஃபர்ட். அதுக்கு எதுக்கு முழிக்கறீங்க?"

"கௌரவ உறுப்பினர் கருத்துச் சொல்லலாம், தப்பில்ல. ஆனா இடம் காலியா இருந்தாத்தானே ஆளப் போட முடியும்? ஒண்ணு, குழுத் தலைவர் தன் கைப்பட ராஜினாமா எழுதிக் குடுக்கணும். இல்லன்னா தொடர்ந்து மூணு கூட்டத்துக்கு வராம இருக்கணும். வேற வழி விதியில இல்ல."

"செத்துப்போனா?"

"அத யாரும் யோசிக்கல. எல்லாரும் உயிரோட இருந்தப்ப எழுதுன விதி."

"ஏப்ரல், மே, ஜூன்" என்று நான் விரல் மடக்கினேன். "மூணு கூட்டம் ஆச்சே. இடம் காலி."

அப்போதுதான் செயலாளர் நடீன் தொண்டையைச் செருமினாள். ஊரில் முடி வெட்டுகிற கடை வைத்திருப்பவள், இளகின மனசு. ஏப்ரல் கூட்டத்தில் பெயர் கூப்பிட்டபோது, பட்டியலிலிருந்து மெர்லின் பெயரை எடுக்காததால், வழக்கம்போல "மெர்ல் வோன்ட்ரா" என்று கூப்பிட்டுவிட்டாள். கூப்பிட்டபிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆர்லீன் கைப்பையைத் திறந்து, சாம்பல் போட்டு வைத்திருந்த பேக்கிங் பவுடர் டப்பாவை எடுத்து மேஜை மேல் வைத்து, "இருக்காரு" என்றாள். நடீன் கண்ணைத் துடைத்துக்கொண்டு வருகை போட்டுவிட்டாள். மே மாதமும் அப்படியே, ஜூனிலும் அப்படியே.

"மூணு கூட்டத்துக்கும் வந்திருக்காரு" என்றாள் நடீன் மெதுவாக. "இப்பவும் வந்திருக்காரு."

டப்பா மேஜை மேல்தான் இருந்தது.

"அப்படின்னா அவரு பதவியில இருக்காரு" என்றார் கிளிஃபர்ட். சொல்லும்போது அவர் முகத்தில் வருத்தம் இருந்தது உண்மை. அந்த வருத்தத்தின் அடியில் ஒரு திருப்தியும் இருந்தது, அதுவும் உண்மை. "ஆர்லீன், சங்கத்துலயே ஒழுங்கா கூட்டத்துக்கு வர்ற ஆள் உங்க வீட்டுக்காரருதான். இத நான் பெருமையாத்தான் சொல்றேன்."

ஆகஸ்ட் கூட்டத்தில் ஒரு யோசனை வந்தது. குழுத் தலைவர் சம்மதித்தால், ஒரே ஒரு நாளைக்கு வேறு ஒருவர் தற்காலிகமாக இருக்கலாம். சம்மதத்தை யார் கேட்பது என்று ஒரு தீர்மானம், எப்படிக் கேட்பது என்று இன்னொரு தீர்மானம். கடைசியில் கிளிஃபர்ட் எழுந்து, கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, பேக்கிங் பவுடர் டப்பாவைப் பார்த்து முறைப்படி கேட்டார்.

"மெர்ல், குழாய்க் குழுவுக்கு ஒரு தற்காலிகத் தலைவர் போட உங்களுக்குச் சம்மதமா?"

நாங்கள் எல்லோரும் காத்திருந்தோம். நானும்தான். சொன்னால் வெட்கக்கேடு, நானும் டப்பாவையே பார்த்துக்கொண்டு காத்திருந்தேன்.

"மௌனம் சம்மதம்" என்றார் ராய்ஸ் பெல்ட்ஸ். இவர்தான் பாதுகாப்பு அதிகாரி. வீடு வீடாகக் காஸ் நிரப்புகிற லாரி ஓட்டுபவர், கதவளவு ஆள், கெட்ட மனசு கிடையாது.

"எல்லாருக்கும் அப்படி இல்ல ராய்ஸ்" என்றார் கிளிஃபர்ட். "மெர்ல் பேசாம இருந்தா என்ன அர்த்தம்? அவர்கூட இருந்தவங்க சொல்லட்டும். ஆர்லீன், நீங்க சொல்லுங்க. அவரு ஒண்ணும் சொல்லாம இருந்தாருன்னா சம்மதம்னு எடுத்துக்கலாமா, வேண்டாம்னு எடுத்துக்கலாமா?"

ஒரு பொய் சொல்லியிருந்தால் போதும். நான் மேஜைக்கு அடியில் அவள் காலை மிதித்தேன். ஆர்லீன் டப்பாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி டப்பாவைப் பார்த்தாள்.

"சரின்னா சரிம்பாரு" என்றாள். "பேசாம இருந்தாருன்னா வேண்டாம்னு அர்த்தம். சமையலறைக்கு மஞ்சப் பெயிண்ட் அடிக்கலாமான்னு கேட்டேன், ரெண்டு வருஷம் பேசாம இருந்தாரு. இன்னைக்கு வரைக்கும் வெள்ளதான்."

எல்லோரும் தலையாட்டினார்கள். மெர்லைத் தெரிந்தவர்களுக்கு அது தெரியும். தீர்மானம் தோற்றுப்போனது.

அதன் பிறகு கிளிஃபர்ட் பேசினார். அதை அவர் வாயாலேயே கேட்பது நல்லது.

"வெளிய என்ன பேசிக்கறாங்கன்னு எனக்குத் தெரியும். ஒரு குழாய்க்கு இத்தன பாடான்னு கேக்கறாங்க. நான் ஒண்ணு சொல்றேன். ராக்கெட் விடறதுக்காகத்தான் சங்கம்னு நினைக்கறது சின்னப்புள்ளத்தனம். ராக்கெட் எவன் வேணா விடலாம். கூட்டம் போட எத்தன பேருக்குத் தெரியும்? மெர்ல் போயிட்டாரு, நாளைக்கு நானும் போவேன். நடைமுறை நிக்கும். இரக்கப்படக் கூடாதுன்னு நான் சொல்லல. யாருக்கு எவ்வளவு இரக்கப்படறதுன்னு ஒரு குழு இல்லாம இரக்கப்பட்டா, அது ஒழுங்கீனம்."

கை தட்டினார்கள். இரக்கத்துக்குக் குழு போடுவது பற்றி அடுத்த வருஷம் யோசிப்பதாக நடீன் எழுதிக்கொண்டாள்.

வீட்டுக்குப் போகிற வழியில் வண்டியை நிறுத்தி ஆர்லீனிடம் சொன்னேன்.

"ஏண்டி, என் நிலம். செவ்வாக்கெழம மத்தியானம் ஒரு பய இருக்க மாட்டான். நீயும் நானும் போவோம். ராய்ஸ் கிட்ட கேட்டா ஏவற பெட்டியத் தருவான். அனுப்பிட்டு வீட்டுக்கு வந்து சாப்பிடுவோம். யாருக்குத் தெரியப் போகுது?"

"மெர்லுக்குத் தெரியும்" என்றாள்.

"மெர்ல் டப்பாக்குள்ள இருக்காரு."

"அவரு திருட்டுத்தனமா மேல போக மாட்டாரு இர்மா. எல்லாரும் நிக்கணும், எண்ணணும். அப்பத்தான் அவருக்குப் போன மாதிரி இருக்கும்."

 கோபத்தோடு வண்டியைக் கிளப்பினேன்.  டப்பா எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்தது.

செப்டம்பரில் கிளிஃபர்ட்டே ஒரு வழி கண்டுபிடித்தார். விதிப்புத்தகத்தின் பின்னிணைப்பில், அவசர காலத்தில் சங்கத் தலைவர் "பொருத்தும் நிலையில்" குழாயை நேரில் பரிசோதிக்கலாம் என்று இருந்ததாம். எது அவசரம் என்று முடிவு செய்ய ஒரு வாரம் ஆயிற்று. கடைசியில், ஏவுகிற அன்று வயலிலேயே, எல்லோர் முன்னாலும் ஆர்லீன் குழாயைப் பொருத்த வேண்டும், கிளிஃபர்ட் பக்கத்தில் நின்று பார்த்து முத்திரை குத்துவார் என்று ஏற்பாடு. ஆர்லீனுக்குச் சந்தோஷம். என் கையைப் பிடித்துக்கொண்டு, "பாத்தியா, நான் சொன்னேன்ல" என்றாள்.

இந்த இடத்தில் ஒரு சங்கதி சொல்ல வேண்டும். உள்குழாயின் இரண்டு முனையிலும் வளையம் மாட்டி, ராக்கெட்டின் உள்சுவரில் மரப்பசை தடவி, மேல்வாயிலிருந்து ஒரு கழியால் அடிவரை தள்ள வேண்டும். தள்ள ஆரம்பித்தால் நிறுத்தவே கூடாது. ஒரே தள்ளு. காகிதத்துக்கும் காகிதத்துக்கும் நடுவில் அந்தப் பசை வழுக்கிக்கொண்டு போகும்வரைதான் போகும். ஒரு மூச்சு விடுகிற நேரம் நின்றாலும் பிடித்துக்கொள்ளும். பிறகு அந்தக் கடவுளே வந்து இழுத்தாலும் முன்னேயும் போகாது, பின்னேயும் வராது. ராக்கெட் செய்கிற ஒவ்வொருவன் வீட்டிலும் இப்படிப் பாதியில் மாட்டிக்கொண்ட ஒரு ராக்கெட் இருக்கும். எங்கள் சங்கத்தில் அதற்கு ஒரு பரிசே உண்டு. அரைவழிக் கோப்பை என்று பெயர். வருஷா வருஷம் விருந்தில் கொடுத்து, எல்லோரும் வயிறு வலிக்கச் சிரிப்பார்கள். கிளிஃபர்ட் அதை இரண்டு முறை வாங்கியவர். அவருக்குத் தெரியாமல் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

அந்தச் சனிக்கிழமை வானம் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. தெற்கிலிருந்து காற்று, ஆனால் ஏவ முடியாத அளவுக்கு இல்லை. வயலுக்கு அப்பால் பச்சைக் கூரை பளிச்சென்று தெரிந்தது. சங்கம் முழுவதும் வந்திருந்தது. என் சரக்கு வண்டியின் பின்பலகையை இறக்கி, அதன் மேல் சிவப்பு ராக்கெட்டைக் கிடத்தினோம். சாம்பலை ஆர்லீனே, கழற்றி வைத்திருந்த மூக்கின் குழியில் கொட்டினாள். டப்பாவைத் தலைகீழாகத் தட்டி, கடைசித் தூசும் விழுந்ததா என்று உள்ளே எட்டிப் பார்த்தாள்.

பிறகு பசை தடவினாள். நான் ராக்கெட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவள் குழாயை ராக்கெட்டின் மேல்வாயில் வைத்து, மூச்சை உள்ளே இழுத்து, தள்ளினாள். அழகாகப் போனது. நான் பார்த்தவரையில் யாரும் அவ்வளவு அழகாகத் தள்ளியதில்லை.

"நிறுத்துங்க" என்றார் கிளிஃபர்ட். "பரிசோதனை ஆரம்பம்னு நான் இன்னும் அறிவிக்கல. நடீன், நேரம் குறிக்கணும்."

ஆர்லீன் நிறுத்தினாள்.

அவளை நான் திட்டவில்லை. நிறுத்து என்றால் நிற்கிற மனுஷனோடு ஆயுள் முழுவதும் குடித்தனம் நடத்தியவள், வேறென்ன செய்வாள்? நான்தான், "தள்ளுடி, தள்ளு" என்று கத்தினேன். அவள் மறுபடி தள்ளினாள். உடம்பு முழுவதையும் சாய்த்துத் தள்ளினாள். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது. குழாய் பாதியில் நின்றுவிட்டது.

முப்பது பேர் நின்றிருந்தார்கள். எல்லோருக்கும் புரிந்தது. அரைவழிக் கோப்பைக்குச் சிரிக்கிறவர்கள்தான் அத்தனை பேரும், ஒருவரும் சிரிக்கவில்லை. ராய்ஸ் தொப்பியைக் கழற்றினார். கிளிஃபர்ட்டின் முகம் வெளுத்தது, அதை நான் மறுக்க மாட்டேன். அவர் குனிந்து, அடிவழியாக டார்ச் அடித்துப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். ஒரு மன்னிப்பு வரும் என்று எதிர்பார்த்தேன்.

"சுருட்டல்ல குறை இல்ல" என்றார். "குழாய் அங்கீகரிக்கப்பட்டது." முத்திரையைக் குத்தினார். அது கோணலாக விழுந்தது.

ராய்ஸ் ஆர்லீனைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ஆர்லீன், மோட்டார் ரொம்ப உள்ள தள்ளி நிக்கும். அந்த நெருப்பு வயித்துக்குள்ளயே சுத்தும், தூக்காது. அடிப்பக்கம் எரிஞ்சிரும். வேண்டாம்."

"நீ தடுக்க முடியுமா ராய்ஸ்?"

"குழாய்க்கு முத்திரை விழுந்தாச்சு. தடுக்கறதுக்கு எனக்கு விதியில இடமில்ல. நான் சொல்லத்தான் முடியும்."

"வேற ராக்கெட் செய்ய நேரமில்ல. சாமான் ஏத்தற லாரி வெள்ளிக்கெழம வந்துரும்." அவள் பச்சைக் கூரையைப் பார்த்தாள். "கொஞ்சமாவது போகும்ல? கூர ஒசரத்துக்காவது?"

ராய்ஸ் பதில் சொல்லவில்லை. அவரும் மெர்ல் மாதிரி ஆகிவிட்டார்.

மூக்கையும் மோட்டாரையும் மாட்டி, ராக்கெட்டை ஏவுகிற தடியில் நிறுத்தியதும் எல்லோரும் தள்ளி நின்றார்கள். எண்ணினார்கள். அவ்வளவு பேர் சேர்ந்து எண்ணியதை நான் கேட்டதில்லை, உரக்க எண்ணினால் ராக்கெட்டுக்குக் கொஞ்சம் பலம் வரும் என்று நினைத்தார்களோ என்னவோ. ஆர்லீன் பொத்தானை அழுத்தினாள். ஒரு உறுமல் வந்தது, தொண்டையில் அடைத்த மாதிரி. சிவப்பு ராக்கெட் மெதுவாகத் தடியை விட்டுக் கிளம்பியது. என் தானியக் குதிரின் உயரம்கூட வரவில்லை. அங்கே ஒரு நொடி தயங்கி, பக்கவாட்டில் சாய்ந்து, புகைந்துகொண்டே வந்து தாள்களுக்கு நடுவில் விழுந்தது. விழுந்த பிறகு, உச்சியில் வெடிக்க வேண்டிய மருந்து தரையில் வெடித்தது. மூக்கு கழன்று உருண்டது. சாம்பல் தரையில் கொட்டியது. நாங்கள் நின்ற இடத்திலிருந்தே அந்தச் சாம்பல்நிறம் தெரிந்தது.

ஆர்லீன் ஓரடி எடுத்து வைத்தாள். ராய்ஸின் கை குறுக்கே வந்தது.

"ஒரு நிமிஷம் ஆர்லீன். கோளாறாப் போன ராக்கெட் கிட்ட ஒரு நிமிஷம் யாரும் போகக் கூடாது."  கிளிஃபர்ட் ஏற்கெனவே கடிகாரத்தை அமுக்கியிருந்தார்.

தெற்குக் காற்று சும்மா இருக்கவில்லை. தரையோடு தரையாக வந்து, அந்தச் சாம்பலை ஒரு ஓரத்திலிருந்து எடுக்க ஆரம்பித்தது. புகைகூட இல்லை, மெல்லிய தூசு. தாள் வரிசைகளுக்கு நடுவே ஓடி, கண்ணுக்குத் தெரியாமல் போனது. எனக்குப் பொறுக்கவில்லை.

"என் நிலத்துல நான் நடக்க எவன்கிட்ட கேக்கணும்?" என்று ஓடப் போனேன்.

ஆர்லீன் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அவ்வளவு பலம் அவளுக்கு எங்கிருந்து வந்ததோ.

"போகாத இர்மா. ஒரு நிமிஷம்கறத அவருதான் எழுதுனாரு. ஒரு பையன் கை வெந்துபோச்சுன்னு எழுதுனாரு."

அதனால் நின்றோம். முப்பது பேரும், மெர்ல் எழுதிய விதிப்படி, மெர்ல் காற்றில் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். காற்று வடக்கே போனது. பச்சைக் கூரை மேற்கே இருக்கிறது.

"ஆச்சு" என்றார் கிளிஃபர்ட்.

ஆர்லீன் ஓடவில்லை, நடந்துதான் போனாள். முட்டி போட்டு உட்கார்ந்து, தாள்களின் அடியில் விரலை விட்டுத் தேடினாள். ஏதோ கிடைத்தது. அதைக் கிள்ளிக் கிள்ளி டப்பாவில் போட்டாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து பொறுக்கினேன். எது அவர், எது என் மண் என்று எனக்குத் தெரியவில்லை.  அழுதுகொண்டே பொறுக்கினேன்.

அக்டோபர் முதல் வியாழக்கிழமை கூட்டம். மறுநாள் லாரி வருகிறது. ஆர்லீன் வரமாட்டாள் என்றுதான் நினைத்தேன். வந்தாள். எப்போதும் உட்கார்கிற நாற்காலியில் உட்கார்ந்து, டப்பாவை மேஜை மேல் வைத்தாள். விதிகளை ஒப்பித்தோம். எண்ணினோம். யாரும் நடுவில் கதவைத் திறக்கவில்லை. நடீன் பெயர் கூப்பிட ஆரம்பித்தாள்.

"மெர்ல் வோன்ட்ரா."

ஆர்லீன் டப்பாவின் மூடியைத் திறந்து பார்த்தாள். மறுபடி மூடினாள்.

"என்ன போடட்டும் ஆர்லீன்?" என்றாள் நடீன். "இருக்காருன்னு போடவா?"

"பொய் சொல்ல முடியாது நடீன். இதுல இருக்கறது பூரா இர்மாவோட வயலு." டப்பாவை என் பக்கம் நகர்த்தினாள். "வரலன்னு போட்டுக்க."

கிளிஃபர்ட் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். இன்னும் இரண்டு கூட்டம் வராவிட்டால் இடம் காலியாகும் என்று சொல்ல வந்திருப்பார். சொல்லாமல் மூடிக்கொண்டார்.

நடீன் எழுதி முடிக்கும்வரை ஆர்லீன் அந்தப் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு யாரிடம் என்றில்லாமல், அவருக்காக மன்னிப்புக் கேட்கிற மாதிரி சொன்னாள்:

"இதுதான் மொத தடவ."